சும்மா கிடக்கும் கல்லை எடுக்க வேண்டுமா?

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் மாலை. பாளையங்கோட்டையில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து விடைத்தாள்களைக் கட்டி வைத்துக் கொண்டிருந்தேன். என்னிடம் அறிவியல் படிக்கும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கையில் பெரிய காகித உறையுடன் வந்து நின்றாள்.

"சார், அம்மாவுக்குப் பித்தப்பையில கல் இருக்குன்னு ஸ்கேன்ல வந்திருக்கு. ஆபரேஷன் பண்ணணுமா, வேண்டாமா?"

உறையைப் பிரித்துப் பார்த்தேன். அவள் தாயாருக்கு இடுப்பு வலி. சிறுநீரகக் கல்லாக இருக்குமோ என்று ஐயுற்ற மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். சிறுநீரகங்கள் இரண்டும் நன்றாகவே இருந்தன. வலி தசைப்பிடிப்பால் வந்தது. ஒரே வாரத்தில் போயும் விட்டது. ஆனால் அறிக்கையின் கடைசி வரியில், பித்தப்பையில் 9 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு கல் இருப்பதாக எழுதியிருந்தது. அந்த ஒரு வரி வீட்டையே இரண்டாகப் பிரித்து விட்டது. "நகையை அடகு வைத்தாவது உடனே எடுத்துவிட வேண்டும், உள்ளே வெடிகுண்டை வைத்துக் கொண்டு தூங்க முடியுமா?" என்கிறார் தாய்மாமன். "ஒரு வலியும் இல்லாத உடம்பில் எதற்குக் கத்தி வைக்கணும்?" என்கிறாள் ஆச்சி. அடுத்த வீட்டு அம்மாளோ, எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் கலந்து குடித்தால் கல் தானே விழுந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்.

நான் மருத்துவன் அல்லன். அவள் அம்மாவுக்கு எது நல்லது என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை எப்படி அணுகுவது என்பதில் ஒரு சுவையான அறிவியல் கதை இருக்கிறது. அன்று அவளிடம் சொன்னதைச் சற்று விரிவாக உங்களுக்கும் சொல்கிறேன்.

பையும் அதன் வேலையும்

நமது கல்லீரல் நாளொன்றுக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர் பித்தநீரைச் சுரக்கிறது. நாம் உண்ணும் கொழுப்பைச் சிறுசிறு துளிகளாக உடைத்துச் செரிக்க உதவுவது இந்தப் பித்தநீர்தான். ஆனால் நாம் நாள் முழுவதும் உண்டுகொண்டே இருப்பதில்லை அல்லவா? இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு இடையில் சுரக்கும் பித்தநீரைச் சேமித்து வைக்க ஒரு பை வேண்டும். கல்லீரலின் அடியில், சிறிய கத்தரிக்காய் வடிவில் தொங்கிக் கொண்டிருக்கும் பித்தப்பை அந்த வேலையைச் செய்கிறது. அதன் நீளம் 7 முதல் 10 செ.மீ. கொள்ளளவு 30 முதல் 50 மில்லிலிட்டர் மட்டுமே.

முக்கால் லிட்டர் சுரக்கும் நீருக்கு இவ்வளவு சிறிய பை எப்படிப் போதும்? பித்தப்பையின் உட்சுவர் நீரை உறிஞ்சிக் கொண்டே இருக்கிறது. பாலைச் சுண்டக் காய்ச்சுவது போல, உள்ளே வந்த பித்தநீர் ஐந்து முதல் பத்து மடங்கு வரை செறிவடைகிறது. நெய் விட்ட தோசையோ, வடையோ வயிற்றைக் கடந்து முன்சிறுகுடலை எட்டியதும், அங்குள்ள செல்கள் ஒரு ஹார்மோனை இரத்தத்தில் கலக்கின்றன. 1928-ஆம் ஆண்டில் சிகாகோவில் ஐவி, ஓல்ட்பெர்க் என்ற இரு அறிஞர்கள் இதைக் கண்டறிந்து 'கோலிசிஸ்டோகைனின்' என்று பெயரிட்டனர். 'பித்தப்பையை அசைப்பது' என்பது இதன் பொருள். இந்த ஹார்மோன் வந்து தொட்டதும் பித்தப்பை சுருங்குகிறது. செறிவான பித்தநீர் குழாய் வழியே குடலுக்குள் பாய்கிறது.

பித்தப்பை இல்லாமல் வாழ முடியுமா? முடியும். குதிரைக்குப் பித்தப்பை கிடையாது, எலிக்கும் கிடையாது. (சுண்டெலிக்கு மட்டும் உண்டு என்பது வேடிக்கை!) மனிதரிடத்தில் அதை எடுத்துவிட்டால் பித்தநீர் சேமிக்கப்படாமல் நேராகக் குடலுக்குச் சொட்டிக் கொண்டிருக்கும். பெரும்பாலோர் இதை உணர்வதே இல்லை. சிலருக்கு மட்டும் வயிற்றுப்போக்கு தொந்தரவு தரலாம். ஆகவே, 'இல்லாவிட்டாலும் வாழலாம்' என்பதில் ஐயமில்லை. ஆனால் இல்லாமல் வாழ முடியும் என்பது வேறு. எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக் கொள்வோர் நம்மிடையே நிறையப் பேர்.

கல் எப்படி உண்டாகிறது?

பனங்கற்கண்டு செய்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். பதநீரைக் காய்ச்சிப் பாகாக்கிப் பானையில் ஊற்றி, அசைக்காமல் நாள்கணக்கில் வைத்துவிடுவார்கள். பாகில் கரைந்திருக்கக் கூடிய அளவுக்கு மேல் சர்க்கரை இருப்பதால், பிடிமானம் கிடைத்த இடத்தில் எல்லாம் படிகம் படிகமாக வளரத் தொடங்குகிறது. மிகைச் செறிவு, ஒரு பிடிமானம், அசையாத நிலை ஆகிய மூன்றும் சேர்ந்தால் கற்கண்டு. பித்தக்கல்லும் ஏறக்குறைய இப்படித்தான் விளைகிறது.

கொலஸ்டிரால் நீரில் கரையாத பொருள். பித்தநீரில் உள்ள பித்த உப்புகளும் லெசித்தின் என்ற பொருளும் சோப்பைப் போலச் செயல்பட்டு அதைக் கரைந்த நிலையில் வைத்திருக்கின்றன. கல்லீரல் அளவுக்கு மீறிக் கொலஸ்டிராலைக் கொட்டினாலோ, பித்த உப்பு குறைந்தாலோ இந்தச் சமநிலை கெடுகிறது. பித்தப்பைச் சுவரில் ஊறும் சளி பிடிமானமாக அமைகிறது. பை சோம்பலாகச் சுருங்கினால் கேட்கவே வேண்டாம். கருவுற்ற காலத்திலும், பட்டினி கிடந்து உடல் எடையை வேகமாகக் குறைக்கும்போதும் பித்தக்கல் உண்டாவதற்கு இவையெல்லாம் காரணம். ஆண்களைவிடப் பெண்களுக்கும், வயது கூடக்கூட எல்லோருக்கும் இதன் வாய்ப்பு மிகுதி.

வேறொரு வகைக் கல்லும் உண்டு. இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபின் என்ற நிறமி, கால்சியத்துடன் சேர்ந்து கறுப்பாகவோ பழுப்பாகவோ படிவதால் வருவது அது. வட இந்தியாவிலும் மேலை நாடுகளிலும் கொலஸ்டிரால் கற்களே அதிகம். நம் தென்னிந்தியாவில் நிறமிக் கற்கள் கணிசமாகக் காணப்படுகின்றன.

மௌனக் கல்லும் பேசும் கல்லும்

பையின் அடியில் கிடக்கும் கல் யாருக்கும் தொல்லை தருவதில்லை. பை சுருங்கும்போது அது நகர்ந்து பையின் கழுத்தில் அடைத்துக் கொண்டால்தான் துன்பம். வலப்பக்க மேல்வயிற்றிலோ, நடு மேல்வயிற்றிலோ கடுமையான வலி எழும்பும், முதுகுக்கும் வலத் தோள்பட்டைக்கும் பரவும், வாந்தி வரும். அரைமணி நேரம் முதல் சில மணி நேரம் வரை விடாமல் நீடித்து, கல் பின்வாங்கியதும் நின்றுவிடும். கல் பின்வாங்காமலே இருந்துவிட்டால் பித்தப்பை அழற்சியுற்றுக் காய்ச்சல் வரும். குழாய்க்குள் இறங்கி அடைத்தால் மஞ்சள் காமாலை. கணைய நாளம் சேரும் வாயை அடைத்தால் கணைய அழற்சி. இது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இப்படிப் பேசத் தொடங்கிவிட்ட கல்லை அறுவை செய்து எடுக்க வேண்டும் என்பதில் இன்று மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேற்றுமை இல்லை.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். வயிற்று உப்புசம், புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல் ஆகியவை பித்தக்கல்லின் அடையாளங்கள் அல்ல. கல் இல்லாதவர்களுக்கும் இவை அதே அளவில் வருகின்றன. உப்புசத்துக்காக ஸ்கேன் எடுத்து, கல்லைக் கண்டு, பையை அகற்றிக் கொண்டு, பிறகும் உப்புசம் போகவில்லையே என்று வருந்துவோரை நான் அறிவேன்.

நம் மாணவியின் தாயாருக்கு இருப்பதோ மௌனக் கல். தற்செயலாகக் கண்ணில் பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு முன்பு இருந்திருந்தால், அது இருப்பதே அவருக்குத் தெரிந்திராது. சாதாரண எக்ஸ்-கதிர்ப் படத்தில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பித்தக்கற்களே தெரியும். மற்றவற்றில் போதிய கால்சியம் இல்லை. 1924-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் எவார்ட்ஸ் கிரஹாம், வாரன் கோல் என்ற இரு மருத்துவர்கள், பித்தநீரில் போய்ச் சேர்ந்து எக்ஸ்-கதிரைத் தடுக்கும் ஒரு சாயப்பொருளைச் செலுத்திப் பித்தப்பையைப் படம் பிடித்தனர். கல் உள்ள இடம் ஓட்டை போல் தெரிந்தது. பிற்காலத்தில் ஊசிக்குப் பதில் மாத்திரை வந்தது. அதன் பிறகு மீயொலி ஸ்கேன். கல்லில் மோதிய ஒலி திரும்பிவிடும். கல்லுக்குப் பின்னே நிழல் விழும். நோயாளியைப் புரண்டு படுக்கச் சொன்னால் கல்லும் உருளும். வலியில்லை, கதிர்வீச்சு இல்லை, சில நிமிட வேலை. ஊருக்கு ஊர் இந்தக் கருவி வந்த பிறகு, மௌனக் கற்களும் ஆயிரக்கணக்கில் வெளிச்சத்துக்கு வந்தன. மேலை நாடுகளில் வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர் பித்தக்கல்லோடு நடமாடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது.

மேயோவின் தலைப்பும் அதற்குக் கிடைத்த பதிலும்

பித்தப்பையை முதன்முதலில் முழுவதுமாக அகற்றியவர் ஜெர்மனியின் கார்ல் லாங்கன்பூக். 1882 ஜூலை 15 அன்று, பெர்லின் நகரில் 43 வயதான ஒருவருக்கு இந்த அறுவையைச் செய்தார். நோயாளி பிழைத்து வீடு திரும்பினார். கல்லை மட்டும் எடுத்தால் போதாது, கல்லை விளைவிக்கும் பையையே எடுக்க வேண்டும் என்பது லாங்கன்பூக்கின் கருத்து. அது சரியென்று காலம் மெய்ப்பித்தது.

அறுவை மருத்துவம் வளர வளர, வலியில்லாத கல்லையும் எடுத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் வலுத்தது. அமெரிக்காவின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் வில்லியம் மேயோ 1911-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, 'அப்பாவி'ப் பித்தக்கல் என்பது வெறும் கட்டுக்கதை என்று அறிவித்தது. மேயோ போன்ற ஒருவர் சொன்னால் மறுப்பார் யார்? பல பத்தாண்டுகள் இக்கருத்துக்கு மதிப்பு இருந்தது.

ஆனால் சற்று நின்று யோசியுங்கள். பஸ் டிப்போவின் ஒர்க்‌ஷாப்பில் நாள் முழுவதும் வேலை செய்யும் மெக்கானிக்கிடம் போய், "நம் ஊர் பஸ்கள் எப்படி?" என்று கேட்டால் என்ன சொல்வார்? "எல்லாம் ஓட்டை உடைசல்" என்பார். பொய் சொல்லவில்லை, அவர் கண்ணில் படுபவை எல்லாம் பழுதாகி வந்தவைதாம். ஒழுங்காக ஓடும் பஸ் ஒர்க்‌ஷாப்புக்கு வருவதே இல்லை. அறுவை மருத்துவரின் நிலையும் இதுதான். தொல்லை தரும் கற்களே அவரிடம் வந்து சேருகின்றன. தொல்லை தராத கல் வயலிலும் அலுவலகத்திலும் அடுப்படியிலும் தன் பாட்டுக்கு இருக்கிறது. அதைப் பற்றி அறிய வேண்டுமானால் மருத்துவமனைக்கு வெளியே போய்த் தேட வேண்டும்.

அப்படித் தேடும் வாய்ப்பு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தற்செயலாக அமைந்தது. அங்கு 1956 முதல் ஆசிரியர்களுக்கு ஒரு முழு உடற்பரிசோதனைத் திட்டம் நடந்து வந்தது. அதில் பித்தப்பைப் படமும் எடுத்தார்கள். எந்த அறிகுறியும் இல்லாத 123 பேருக்குக் கல் இருப்பது தெரிந்தது. 110 ஆண்கள், 13 பெண்கள். வில்லியம் கிரேசி, டேவிட் ரான்சோஹாஃப் என்ற இரு மருத்துவர்கள், இவர்கள் ஒவ்வொருவருக்கும் பின்னாளில் என்ன ஆயிற்று என்று விசாரித்துக் கணக்கெடுத்தனர். முடிவை 1982-இல் வெளியிட்டனர்.

ஐந்து ஆண்டுகளுக்குள் பித்தக்கல் வலி வந்தவர்கள் நூற்றுக்கு 10. பத்து ஆண்டுகளுக்குள் 15. பதினைந்து ஆண்டுகளுக்குள் 18. அவ்வளவுதான்! அதற்குப் பிறகு இந்த எண் ஏறவே இல்லை எனலாம். பித்தக்கல்லால் இறந்தவர் ஒருவரும் இல்லை. மூன்று பேருக்கு மட்டும் அழற்சி போன்ற சிக்கல் நேர்ந்தது; அந்த மூவருக்கும் அதற்கு முன்பே வலி வந்து எச்சரித்திருந்தது. கட்டுரையின் தலைப்பு மேயோவுக்கு எழுபத்தோர் ஆண்டுகள் கழித்துக் கிடைத்த பதில்: அப்பாவிப் பித்தக்கல் கட்டுக்கதை அன்று!

இந்த எண்களை ஒரு கணம் கூர்ந்து பாருங்கள். முதல் ஐந்தாண்டில் ஆண்டுக்கு நூற்றுக்கு 2 பேர். அடுத்த ஐந்தாண்டில் ஆண்டுக்கு 1. அதற்கடுத்த ஐந்தாண்டில் வெறும் 0.6. அதாவது, மௌனமாக இருந்த கல் மேலும் மௌனமாக இருப்பதற்கான வாய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. உள்ளே ஓடிக் கொண்டிருக்கும் வெடிகுண்டுக் கடிகாரம் என்று தாய்மாமன் சொன்னாரே, அந்த உவமைக்கு நேர்மாறான போக்கு இது.

ஆனால் நல்ல அறிவியல் மாணவன் இதோடு விட்டுவிடக் கூடாது. 123 பேரில் 110 பேர் ஆண்கள். பித்தக்கல் அதிகமாக வருவதோ பெண்களுக்கு. அமெரிக்கப் பேராசிரியர்களுக்குப் பொருந்துவது மற்றவர்களுக்கும் பொருந்துமா? இத்தாலியின் ரோம் நகரில் பொதுமக்களை ஸ்கேன் செய்து, அறிகுறி இல்லாத 118 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். 1995-இல் வெளியான அந்த ஆய்வில், பத்து ஆண்டுகளில் வலி வந்தவர்கள் நூற்றுக்கு 26 பேர். சிக்கல் நேர்ந்தவர்கள் 3 பேர். மிச்சிகன் எண்ணைவிடக் கூடுதல்தான். ஆனாலும் நான்கில் மூன்று பேருக்குப் பத்தாண்டுகளில் ஒன்றுமே நேரவில்லை.

தராசின் மறுதட்டு

இதுவரை பார்த்தது காத்திருப்பதன் விலை. அறுவைக்கும் ஒரு விலை உண்டு அல்லவா?

1983-இல் ரான்சோஹாஃபும் அவர் தோழர்களும் ஒரு கணக்குப் போட்டார்கள். மௌனக் கல் உள்ள 30 வயது ஆண் ஒருவர் முன்கூட்டியே அறுவை செய்து கொண்டால், காத்திருப்பவரைவிடச் சராசரியாக 4 நாள் ஆயுளை இழப்பார். 50 வயதுக்காரரானால் 18 நாள். நாலு நாள் என்பது மிகச் சிறிய வேறுபாடு. ஆனால் வலியும் செலவும் பட்டு வாங்கும் ஒன்று, நமக்குச் சிறிதளவாவது ஆயுளைக் கூட்ட வேண்டாமா? குறைக்கிறதே!

அது வயிற்றை ஒரு சாண் கிழித்துச் செய்த காலத்துக் கணக்கு. 1985 செப்டம்பர் 12 அன்று ஜெர்மனியின் போப்லிங்கன் என்ற ஊரில் எரிக் மியூஹே, சிறு துளைகள் வழியே குழாய்களைச் செலுத்திப் பித்தப்பையை எடுத்துக் காட்டினார். முதலில் அவருடைய நாட்டு அறுவை மருத்துவர்களே அதை நம்பவில்லை. 1987-இல் பிரான்சின் பிலிப் மூரே வீடியோ காமிராவின் துணையோடு செய்தார். நம் நாட்டில் 1990-இல் பம்பாயில் தெஹம்டன் உத்வாடியா தொடங்கி வைத்தார். வாரக் கணக்கில் படுத்திருந்த நிலை மாறி, இன்று ஓரிரு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம். எளிதாகி விட்டதால் பல நாடுகளில் பித்தப்பை அறுவைகளின் எண்ணிக்கையும் ஏறிவிட்டது. கற்கள் திடீரென்று பொல்லாதவை ஆகிவிட்டனவா என்ன? எடுக்கும் வழி சுலபமானது, அவ்வளவே.

துளை சிறிதானாலும் ஆபத்து அடியோடு போகவில்லை. பித்தப்பையின் குழாயை வெட்டும்போது, அருகிலேயே ஓடும் பொதுப் பித்தநாளம் தவறிக் காயப்படுவது ஆயிரத்தில் 3 முதல் 5 பேருக்கு நேர்கிறது. இது சாதாரணக் காயம் அன்று. சரிசெய்ய மீண்டும் பெரிய அறுவை தேவைப்படலாம், ஆண்டுக்கணக்கில் தொல்லை தரலாம்.

வாருங்கள், நாமே ஒரு கணக்குப் போடுவோம். மௌனக் கல் உள்ள ஆயிரம் பேரை எடுத்துக் கொள்வோம்.

எல்லோருக்கும் இப்போதே அறுவை செய்தால்: ஆயிரம் மயக்க மருந்து, ஆயிரம் அறுவை, 3 முதல் 5 பித்தநாளக் காயம். இந்த ஆயிரத்தில் குறைந்தது 700 பேருக்கு அடுத்த பத்தாண்டில் எந்தத் தொல்லையும் வந்திருக்காது.

காத்திருந்தால்: பத்தாண்டுகளில் 150 முதல் 260 பேருக்கு வலி வரும். அவர்கள் மட்டும் அறுவை செய்து கொள்வார்கள். பித்தநாளக் காயம் ஏறத்தாழ ஒன்று. ஆனால் ஒரு 30 பேருக்கு அழற்சி, காமாலை போன்ற சிக்கல் நேரும். வீங்கிச் சிவந்த பையை எடுப்பது, அமைதியாக இருக்கும் பையை எடுப்பதைவிடக் கடினம் என்பதையும் மறைக்கக் கூடாது.

ஆகவே காத்திருப்பது இலவசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு தட்டிலும் எடை இருக்கிறது. ஆனால் பெரும்பாலோருக்குக் காத்திருக்கும் பக்கமே தராசு சாய்கிறது. ஏனெனில் பெரும்பாலான சிக்கல்களுக்கு முன்னால் வலி என்ற மணி அடித்துவிடுகிறது. 1992-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு, அறிகுறியற்ற பித்தக்கல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சை வேண்டியதில்லை என்றது. 2014-இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலும் இதையே கூறியது. நீரிழிவு உள்ளவர் எல்லோரும் மௌனக் கல்லையும் எடுத்துவிட வேண்டும் என்று ஒரு காலத்தில் சொல்லி வந்தார்கள். இப்போது அதையும் கைவிட்டார்கள்.

எப்போது தராசு மறுபக்கம் சாயும்?

3 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட பெரிய கல் உள்ளவர்களுக்குப் பித்தப்பைப் புற்றுநோயின் வாய்ப்பு பத்து மடங்கு வரை கூடுவதாக 1983-இல் ஓர் ஆய்வு காட்டியது. எனவே பெரிய கல்லை மௌனமாக இருந்தாலும் எடுப்பதுண்டு. பித்தப்பைச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தாலும், 1 செ.மீ.-க்கு மேற்பட்ட சதை வளர்ச்சி இருந்தாலும் அப்படியே. கல் பையைவிட்டுப் பொதுப் பித்தநாளத்தில் இறங்கியிருந்தால், வலி இல்லாவிட்டாலும் அதை அகற்றிவிடுவதே பொதுவான வழக்கம். அரிவாள் செல் சோகை உள்ள குழந்தைகளின் கதையும் வேறு. அவர்களுக்கு வரும் வயிற்று வலி, கல்லால் வந்ததா, சோகையால் வந்ததா என்று பிரித்தறிவதே கடினம்.

ஊரும் கணக்கை மாற்றும் என்பதுதான் எனக்கு மிகவும் வியப்பளித்த செய்தி. கங்கைச் சமவெளியில் பித்தப்பைப் புற்றுநோய் தென்னிந்தியாவைக் காட்டிலும் பன்மடங்கு அதிகம். தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலும் அப்படியே. அதனால் 35 முதல் 49 வயது வரையுள்ளோருக்குப் புற்றைத் தடுக்கும் நோக்கத்துடன் பித்தப்பை அறுவை செய்வதை, அரசு பொறுப்பேற்கும் சிகிச்சைகளில் ஒன்றாகச் சிலி நாட்டில் சேர்த்திருக்கிறார்கள். ஒரே அளவுள்ள கல். சாந்தியாகோவிலும் பாட்னாவிலும் அதைப் பற்றி எடுக்கும் முடிவு பாளையங்கோட்டையில் எடுக்கும் முடிவாக இருக்க வேண்டியதில்லை.

எண்ணெயும் எலுமிச்சையும்

அடுத்த வீட்டு அம்மாளின் மருந்தை விட்டுவிட்டேனே! அதைக் குடித்தவர்கள் மறுநாள் மலத்தில் பச்சை நிறக் கற்கள் விழுந்ததைக் கண்ணால் கண்டதாகச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. 2005-இல் நியூசிலாந்தில் ஒரு பெண்மணி அத்தகைய 'கற்களை' மருத்துவரிடம் கொண்டுவந்து காட்டினார். சோதனைச் சாலையில் அவற்றை 40 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம் வைத்ததும் உருகிப் பச்சை எண்ணெயாக ஓடிவிட்டன! கொலஸ்டிராலும் இல்லை, பிலிருபினும் இல்லை. முக்கால் பங்கு கொழுப்பு அமிலங்கள். குடித்த எண்ணெய் குடலில் செரிந்து, எலுமிச்சைச் சாற்றில் உள்ள பொட்டாசியத்துடன் சேர்ந்து சோப்பு உருண்டையாகியிருக்கிறது. அந்த அம்மையாரின் உண்மையான கற்கள் பித்தப்பையிலேயே பத்திரமாக இருந்தன. பின்னர் அறுவை செய்துதான் எடுத்தார்கள்.

கல்லைக் கரைக்கும் மெய்யான மருந்துகளும் உள்ளன. பித்த அமிலங்களை மாத்திரையாகத் தருவார்கள். சிறிய கொலஸ்டிரால் கற்களில் மட்டுமே, அதுவும் மாதக் கணக்கில் உண்டால்தான் பலன். நிறுத்திய ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கல் திரும்ப வந்துவிடுகிறது. லாங்கன்பூக் சொன்னது போல, கல்லை விளைவிக்கும் பை அங்கேயே இருக்கிறதே!

அந்த வீட்டில் என்ன முடிவாயிற்று?

இவ்வளவையும் கேட்டுக் கொண்ட மாணவி, ஒரு தாளில் சில கேள்விகளை எழுதிக் கொண்டு போனாள். மறுவாரம் அவள் தாயாரும் தாய்மாமனும் அவளும் அரசு மருத்துவமனைக்குச் சென்றார்கள். அங்கிருந்த அறுவை மருத்துவர் அம்மையார் முதலில் கேட்டது, "எப்பவாவது மேல்வயிற்றில் அரைமணி நேரத்துக்கு மேல விடாம வலிச்சிருக்காம்மா?" என்பதுதான். இல்லை. காமாலை வந்ததுண்டா? இல்லை. பிறகு ஸ்கேனைப் பார்த்தார்: ஒரே கல், 9 மி.மீ.; சுவர் மெல்லியது; பித்தநாளம் விரியவில்லை. இரத்தச் சோதனையும் சரியாகவே இருந்தது.

மாணவி தன் தாளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாளாம். "டாக்டர், அம்மா வருஷத்துக்கு ஆறு மாசம் அந்தமான்ல மாமா வீட்டுல இருப்பாங்க. அங்க வலி வந்தா?" அந்தக் கேள்வியை நான் சொல்லித் தரவில்லை, அவளே யோசித்தது. மருத்துவர் மகிழ்ந்து போய், அவர்கள் எந்தத் தீவில் இருப்பார்கள், மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்று விசாரித்தார். போர்ட் பிளேரிலேயே என்றதும், "அப்ப பயமில்லை. படகுல ஒரு நாள் போகணும்னு சொல்லியிருந்தா நான் வேற மாதிரி யோசிச்சிருப்பேன்" என்றார். மேல்வயிற்று வலி அரைமணிக்கு மேல் நீடித்தாலோ, குளிருடன் காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் தேநீர் நிறமானாலோ அன்றே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

தாய்மாமனுக்கு இன்னும் அரைமனதுதான். வாரம் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டு, "வலி ஏதும் இல்லையே அக்கா?" என்று கேட்கிறாராம். ஆச்சிக்குத் தான் ஜெயித்துவிட்டதாக நினைப்பு. மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை மாணவி அடுக்களைக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறாள். ஸ்கேன் அறிக்கை, அடகுக்குப் போகாத நகைகளோடு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.